எண் மட்டும் தரும் இயந்திரம்

நியூயார்க் தெருவோரத்தில் ஒரு பொதுத் தொலைபேசி மணி அடிக்கிறது. நம் ஊர்ப் பெட்டிக்கடை வாசலில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு ரூபாய் காயின் போன் மாதிரி, யாரும் கவனிக்காத ஒன்று. காலை விந்தி நடக்கும், கண்ணாடி போட்ட ஒரு மனிதர் மட்டும் நின்று ரிசீவரை எடுக்கிறார். மறுமுனையில் பேசுவது ஒரு ஆள் இல்லை. வெவ்வேறு குரல்களிலிருந்து வெட்டி ஒட்டியதுபோல் சில சொற்கள் வருகின்றன. அவர் அவற்றைக் குறித்துக்கொண்டு, கைவிடப்பட்ட ஒரு பழைய நூலகத்துக்குப் போகிறார். அந்தச் சொற்கள் சுட்டும் புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்து, அவற்றின் வரிசை எண்களைச் சேர்த்தால் ஒன்பது இலக்க எண் ஒன்று கிடைக்கிறது. அது யாரோ ஒருவருடைய சமூகப் பாதுகாப்பு எண். நமக்கு ஆதார் மாதிரி அமெரிக்காவில் எல்லாவற்றுக்கும் கேட்கப்படும் எண்.

அந்த எண்ணுக்குரியவர் இன்னும் சில நாட்களுக்குள் ஒரு கொலையில் சம்பந்தப்படப் போகிறார். கொல்லப்படப் போகிறாரா, கொல்லப் போகிறாரா? அதை இயந்திரம் சொல்லாது.

'பர்சன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' தொடரின் மொத்தக் கதையும் இந்த ஒரு முடிச்சிலிருந்துதான் விரிகிறது. 2011 செப்டம்பர் 22 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கி, 2016 ஜூன் 21 அன்று முடிந்தது. ஐந்து சீசன், 103 அத்தியாயங்கள். உருவாக்கியவர் ஜோனதன் நோலன், இயக்குநர் கிறிஸ்டோஃபர் நோலனின் தம்பி. இயந்திரத்தைக் கட்டிய கணினி மேதை ஹரால்ட் ஃபின்ச்சாக மைக்கேல் எமர்சன் நடித்தார். அவருக்குக் கையும் காலுமாக இருந்து எண்களைத் தேடிப் போகும் முன்னாள் சிஐஏ ஆள் ஜான் ரீஸ், ஜிம் கேவீசல். மேலோட்டமாகப் பார்த்தால் வாரத்துக்கு ஒரு ஆளைக் காப்பாற்றும் அடிதடித் தொடர். முதல் சீசனின் முன்பாதி உண்மையிலேயே அப்படித்தான் போகும். அங்கேயே விட்டுவிட்டவர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் கண்காணிப்பைப் பற்றி இந்த அளவுக்கு ஆழமாக யோசித்த இன்னொரு தொலைக்காட்சித் தொடரை நான் பார்த்ததில்லை. (இனி வருவதில் கதையின் முக்கியத் திருப்பங்கள் சில இருக்கின்றன.)

தலைப்பிலிருந்தே தொடங்கலாம். 'பர்சன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' என்பது அமெரிக்கப் போலீஸ் புழங்கும் சொல். ஒருவரைச் சந்தேக நபர் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை, சும்மா விடவும் மனமில்லை என்றால் இப்படிச் சொல்வார்கள். நம் செய்தித்தாள்கள் 'விசாரணை வளையத்துக்குள் கொண்டுவரப்பட்டுள்ளார்' என்று எழுதுமே, கிட்டத்தட்ட அதுதான். சட்டத்தில் இதற்குத் தெளிவான வரையறை கிடையாது. குற்றவாளியும் இல்லை, நிரபராதி என்றும் யாரும் சொல்லவில்லை என்ற அந்த நடுவெளியில் ஒரு மனிதரை நிறுத்திவைக்கும் சொல். தொடர் முழுக்க நடப்பதும் அந்த வெளியில்தான்.

முதல் அத்தியாயத்திலேயே இது வந்துவிடுகிறது. அரசு வழக்கறிஞர் ஒருவரின் எண் வருகிறது. இளம்பெண், ஆபத்தான வழக்குகளை நடத்துபவர். யாரோ அவரைக் கொல்லப்போகிறார்கள் என்று நினைத்து ரீஸ் நாள் முழுக்க அவர் பின்னால் நிழல்போல் அலைகிறார். கடைசியில், ஊழல் போலீஸ்காரர்களை வைத்துக் கொலைகளைத் திட்டமிடுவதே அந்தப் பெண்தான் என்று தெரிகிறது. எண் சரிதான். அதை வைத்து நாம் போட்ட கணக்குத்தான் தப்பு.

இந்தத் தப்புக் கணக்குதான் தொடரின் உயிர் என்று நினைக்கிறேன். இயந்திரம் ஒரு ஆளைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாராவது கிளம்பிப்போய், அந்த ஆளை ஒரு மனிதராகப் பார்க்க வேண்டியிருக்கிறது. என்ன வேலை செய்கிறார், யாரோடு சண்டை, ராத்திரி ஏன் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறார். ஒரு ஒற்றன் கொண்டுவந்த சேதியை இன்னொரு ஒற்றனை விட்டுச் சரிபார்த்த பிறகே நம்பவேண்டும் என்பது தமிழில் பழைய அறிவு. ஃபின்ச்சும் ரீஸும் செய்வது அந்தச் சரிபார்ப்பைத்தான்.

இயந்திரம் ஏன் எண்ணை மட்டும் தருகிறது? கதை சுவாரஸ்யமாக இருக்கட்டும் என்று வைத்ததுபோல்தான் முதலில் தோன்றும். அப்புறம்தான் அது ஃபின்ச் தெரிந்தே வைத்த பூட்டு என்று புரிகிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அடுத்த தாக்குதலை முன்கூட்டியே கண்டுபிடிக்க அரசாங்கத்துக்காக அவர் இதைக் கட்டுகிறார். ஒவ்வொரு கேமராவும் ஒவ்வொரு தொலைபேசியும் மின்னஞ்சலும் அதற்குள் போகிறது. அந்தத் தகவல் மலையை எந்த அதிகாரியும் கிளறிப் பார்க்க முடியாதபடி, உள்ளே போனது போனதுதான் என்று மூடிவிடுகிறார். தன் எதிராளி எங்கே சாப்பிட்டார், யாரோடு பேசினார் என்று அமைச்சர் ஒருவர் கேட்டால் பதில் வராது. வெளியே வருவது ஒரே ஒரு எண். அரசாங்கத்துக்கு இதை அவரும் கூட்டாளியும் விற்ற விலை ஒரு டாலர்.

இன்னொரு பூட்டும் உண்டு. ஒவ்வொரு நள்ளிரவும் இயந்திரத்தின் நினைவு அழிந்துவிட வேண்டும் என்று எழுதி வைக்கிறார். நேற்று யாரைப் பார்த்தோம் என்பதே தெரியாமல் அது ஒவ்வொரு நாளும் புதிதாகப் பிறக்க வேண்டும். இரண்டாவது சீசனின் முடிவில் இதற்கு வரும் திருப்பத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு அலுவலக அறை. வரிசையாக மேசைகள். எழுத்தர்கள் உட்கார்ந்து, அச்சடித்த தாள்களில் இருக்கும் அர்த்தமில்லாத எழுத்துகளையும் எண்களையும் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்கிறார்கள். எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது. முதலாளியை யாரும் பார்த்ததில்லை. பார்த்தால், இயந்திரமே ஒரு பொய்ப்பெயரில் கம்பெனி ஆரம்பித்து, ராத்திரி அழியப்போகும் தன் நினைவை முன்கூட்டியே காகிதத்தில் அச்சடித்து, விடிந்ததும் சம்பளத்துக்கு ஆள் வைத்துத் திரும்ப உள்ளே ஏற்றிக்கொண்டிருக்கிறது. மறக்கச் சொன்ன தகப்பனுக்குத் தெரியாமல் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருப்பதுபோல. பயமும் இரக்கமும் ஒன்றாக வருகிற இடம் அது.

இந்த மாதிரிப் பூட்டுகள் வெறும் கற்பனை இல்லை. மேரிலாந்து மாநிலத்தின் ஃபோர்ட் மீடில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்த கணித வல்லுநர் வில்லியம் பின்னி. அவரும் சக ஊழியர்களும் 1990களின் இறுதியில் 'தின்த்ரெட்' என்ற கண்காணிப்பு முறையை உருவாக்கினார்கள். தொடர்புகளின் வலையை அலசி, சந்தேகத்துக்குரியதைப் பிரித்தெடுப்பது அதன் வேலை. அதில் ஒரு முக்கியமான ஏற்பாடு இருந்தது. அமெரிக்கக் குடிமக்களின் அடையாளங்கள் சங்கேதமாக மூடப்பட்டே இருக்கும். போதிய காரணம் காட்டி நீதிமன்ற அனுமதி வாங்கினால்தான் திறக்கும். நிர்வாகம் அதை ஒதுக்கிவிட்டு, 'டிரெயில்பிளேசர்' என்ற பிரம்மாண்டத் திட்டத்தின் பக்கம் போனது. நூறு கோடி டாலருக்கு மேல் விழுங்கிய பிறகு 2006-ல் அது கைவிடப்பட்டது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, தங்கள் வேலையின் பகுதிகள் அந்தப் பூட்டு இல்லாமலே உள்நாட்டு மக்கள்மேல் பயன்படுத்தப்படுவதாகச் சொல்லி 2001 அக்டோபரில் பின்னி வெளியேறினார். 2007-ல் எஃப்பிஐ ஆட்கள் துப்பாக்கியோடு அவர் வீட்டுக்குள் நுழைந்தார்கள். அவர்மேல் எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை. ஃபின்ச் பாத்திரத்தைப் பின்னியை வைத்துத்தான் எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஃபின்ச் வைத்த பூட்டு நிஜத்திலும் வைக்க முடிந்த ஒன்று, வைத்தும் பார்த்தார்கள், பிறகு கழற்றிப் போட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு தொடரைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது.

இன்னொரு நிஜ இயந்திரமும் இருந்தது. 2002-ல் அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்ப்பா 'டோட்டல் இன்ஃபர்மேஷன் அவேர்னஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. வங்கி, பயணம், மருத்துவம், தொலைபேசி என்று கிடைக்கும் பதிவுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, பயங்கரவாதியின் சாயலைத் தேடுவது நோக்கம். தலைமையேற்றவர் ஜான் பாயின்டெக்ஸ்டர், அதிபர் ரீகன் காலத்தில் ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற ஈரான்-கான்ட்ரா விவகாரத்தில் சிக்கிய அட்மிரல். அலுவலகச் சின்னத்தில் பிரமிடு உச்சியிலிருந்து ஒரு கண் பூமி உருண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கீழே 'அறிவே ஆற்றல்' என்று லத்தீனில் எழுதியிருக்கும். மக்கள் பதறிப்போனார்கள். 2003-ல் நாடாளுமன்றம் பணத்தை நிறுத்தியது. தொடரின் கதைப்படி, இப்படிப்பட்ட திட்டத்தை வெளியே மூடுவதுபோல் மூடிவிட்டு உள்ளே ஃபின்ச்சின் இயந்திரம் வளர்ந்தது.

கற்பனை என்றுதான் 2011-ல் பார்த்தவர்கள் நினைத்தார்கள். 2012 மே மாதம் வந்த ஒரு அத்தியாயத்தில், என்எஸ்ஏவில் வேலை பார்க்கும் ஒரு பகுப்பாய்வாளருக்குச் சந்தேகம் வருகிறது. மேலிடத்துக்கு இவ்வளவு துல்லியமான தகவல்கள் எங்கிருந்து வருகின்றன, மொத்த மக்களையும் வேவு பார்க்காமல் இது சாத்தியமில்லையே என்று கேள்வி கேட்கிறார். கேட்ட குற்றத்துக்காக வேட்டையாடப்படுகிறார். சுமார் ஓராண்டு கழித்து, 2013 ஜூன் மாதம், என்எஸ்ஏவின் ஒப்பந்த ஊழியராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் ஹாங்காங்கில் ஒரு ஹோட்டல் அறையிலிருந்து ஆவணங்களைப் பத்திரிகையாளர்களிடம் கொடுத்தார். வெரைசன் தொலைபேசி நிறுவன வாடிக்கையாளர்களின் அழைப்புப் பதிவுகள் தினந்தோறும் மொத்தமாக என்எஸ்ஏவுக்குப் போய்க்கொண்டிருந்தது உலகத்துக்குத் தெரிந்தது. தொடரின் இரண்டாவது சீசன் அந்த மே மாதம்தான் முடிந்திருந்தது. செப்டம்பரில் மூன்றாவது சீசன் தொடங்கியபோது அதே தொடரை மக்கள் வேறு கண்ணோடு பார்த்தார்கள். ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் 'நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்' என்று சொல்லும் ஃபின்ச்சின் குரல், கதைக்கான முன்னுரையாக இருந்தது போய், அன்றைய செய்தியாக மாறியிருந்தது.

சரி, அவ்வளவு தகவலையும் வைத்து நிஜ இயந்திரங்கள் எதைத் தடுத்தன? தொலைபேசிப் பதிவுத் திட்டத்தை ஆராய்ந்த அமெரிக்க அரசின் அந்தரங்க உரிமைக் கண்காணிப்பு வாரியம் 2014 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. பயங்கரவாத விசாரணை எதிலும் அந்தத் திட்டம் முடிவை மாற்றும் அளவுக்கு உதவியதற்கு ஒரு உதாரணம்கூடத் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்றது. புதிதாக ஒரு ஆளை அடையாளம் காட்டியதாகச் சொல்லக்கூடியது ஒரே வழக்கு: சான் டியேகோவில் டாக்ஸி ஓட்டிய ஒருவர் சோமாலியாவின் அல்-ஷபாப் என்ற பயங்கரவாத அமைப்புக்கு 8,500 டாலர் அனுப்பிய வழக்கு. அதில்கூட எந்தத் தாக்குதல் திட்டமும் இல்லை.

ஏன் இப்படி? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். தொடர் ஆரம்பித்த 2011-ல் நியூயார்க்கின் மக்கள்தொகை சுமார் 82 லட்சம். அந்த ஆண்டு நடந்த கொலைகள் 515. நூற்றுக்கு 99 தடவை சரியாகச் சொல்லும் ஒரு இயந்திரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கொலை செய்யப்போகும் 515 பேரில் 510 பேரை அது பிடித்துவிடும். பிரமாதம். ஆனால் மீதி 82 லட்சம் பேரிலும் நூற்றுக்கு ஒருவர் தப்பாக மாட்டுவார். அதாவது 82,000 பேர். ஒரு நிஜக் கொலையாளிக்குச் சுமார் 160 நிரபராதிகள். இயந்திரத்தை இன்னும் பத்து மடங்கு துல்லியமாக்கி, ஆயிரத்துக்கு ஒரு தப்பு என்று கொண்டுவந்தாலும் ஒருவருக்குப் பதினாறு பேர். அரிதாக நடக்கும் ஒன்றைத் தேடும் எந்தக் கருவிக்கும் இந்தச் சாபம் உண்டு. கொலை அரிது. குண்டுவெடிப்பு அதைவிட அரிது.

பாஸ்டன் மாரத்தானில் 2013 ஏப்ரல் 15 அன்று குண்டு வைத்த சகோதரர்களில் மூத்தவரைப் பற்றி ரஷ்யா முன்பே எச்சரித்திருந்தது. 2011-ல் எஃப்பிஐ அவரை நேரில் விசாரித்தது. பயங்கரவாதச் சந்தேகத் தரவுத்தளத்தில் அவர் பெயர் இருந்தது. அந்தத் தளத்தில் அப்போது எட்டு லட்சத்துக்கு மேல் பெயர்கள். எண் கையில்தான் இருந்தது, எட்டு லட்சம் எண்களோடு சேர்ந்து. ஃபின்ச்சின் இயந்திரத்தில் என்னை உண்மையில் வியக்கவைப்பது அதன் பார்வைக் கூர்மை இல்லை. ஒரு நேரத்துக்கு ஒரு எண்ணோடு நிறுத்திக்கொள்ளும் அதன் அடக்கம்தான். ஏனென்றால் போய்ப் பார்க்க இருப்பவர்கள் இரண்டே பேர்.

ஃபின்ச் செய்ததை நிஜத்தில் செய்துபார்க்க நினைத்த நகரம் சிகாகோ. 2012-13 வாக்கில் அந்நகரப் போலீஸ், இல்லினாய் தொழில்நுட்பக் கல்லூரி ஆய்வாளர்களின் உதவியோடு ஒரு பட்டியல் தயாரித்தது. பேச்சுவழக்கில் 'ஹீட் லிஸ்ட்' என்பார்கள். துப்பாக்கி வன்முறையில் சிக்கக்கூடியவர்கள் யார் யார் என்று கணினி கணிக்கும். கவனியுங்கள், சுடுபவராகவா சுடப்படுபவராகவா என்று அதுவும் பிரித்துச் சொல்லவில்லை. தொடரின் முடிச்சு அப்படியே நிஜத்துக்கு வந்துவிட்டது. பட்டியலில் இருப்பவர்கள் சிலரின் வீட்டுக்குப் போலீஸ் அதிகாரிகள் போய்க் கதவைத் தட்டினார்கள். ஒரு இளைஞரிடம், நீ சுடுவாய் அல்லது சுடப்படுவாய், எது என்று எங்களுக்குத் தெரியாது, நாங்கள் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற அர்த்தத்தில் பேசியிருக்கிறார்கள். அவர்மேல் பெரிய குற்றப் பதிவு எதுவும் கிடையாது. வாசலில் அடிக்கடி போலீஸ் வந்து நிற்பதைப் பார்த்த அக்கம்பக்கத்தார், இவன் போலீஸுக்கு ஆள்காட்டியோ என்று சந்தேகப்பட்டார்கள். பின்னாளில் அவர் உண்மையிலேயே சுடப்பட்டார், உயிர் பிழைத்தார். இயந்திரம் சொன்னது பலித்தது என்று இதைச் சொல்வதா, இயந்திரம் சொன்னதால்தான் நடந்தது என்று சொல்வதா? எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது.

ராண்ட் ஆய்வு நிறுவனம் அந்தப் பட்டியலின் ஆரம்ப வடிவத்தை ஆராய்ந்து 2016-ல் முடிவை வெளியிட்டது. பட்டியலில் இருந்தவர்கள் 426 பேர். அதற்கடுத்த ஓராண்டில் சிகாகோவில் கொலையுண்ட நானூற்றுச் சொச்சம் பேரில் மூன்று பேர்தான் அந்தப் பட்டியலில் இருந்தவர்கள். பட்டியலில் இருந்ததால் யாருக்கும் ஆபத்து குறையவில்லை. ஆனால் ஒரு துப்பாக்கிச்சூடு நடந்தால் இவர்கள் கைதாகும் வாய்ப்பு மட்டும் கூடியிருந்தது. காப்பாற்றக் கொடுத்த எண்களைப் போலீஸ் சந்தேக நபர் பட்டியலாகவே புழங்கியது. பிற்பாடு அந்தப் பட்டியல் சுமார் நான்கு லட்சம் பேருக்கு மதிப்பெண் போடும் அளவுக்கு வீங்கி, 2020-க்குள் கைவிடப்பட்டது. சிகாகோவுக்கு இயந்திரம் கிடைத்தது. ரீஸும் ஃபின்ச்சும் கிடைக்கவில்லை.

டெட்ராய்ட்டில் 2020 ஜனவரியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கடையில் கைக்கடிகாரங்கள் திருடுபோன வழக்கு. மங்கலான கேமராப் படத்தை முகமறியும் மென்பொருளில் போட்டார்கள். அது ஒருவரின் ஓட்டுநர் உரிமப் படத்தைக் காட்டியது. அவரை வீட்டு வாசலில், மனைவியும் சின்னப் பெண்குழந்தைகளும் பார்க்க, விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள். முப்பது மணிநேரம் காவலில் இருந்தார். விசாரணையில் மேசைமேல் வைத்த படத்தை எடுத்து, தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டும் வேறு வேறு ஆள் என்று பார்த்த உடனே தெரிந்தது. கைதுக்கு முன்னால் யாராவது ஒருவர் நிதானமாகச் செய்திருக்க வேண்டியதை, கைதானவரே உட்கார்ந்து செய்யவேண்டி வந்தது. அவர் கறுப்பினத்தவர். முகமறியும் மென்பொருள்கள் பலவும் கறுப்பினத்தவரையும் ஆசிய வம்சாவளியினரையும் தப்பாகப் பொருத்திக் காட்டுவது, வெள்ளையரோடு ஒப்பிட்டால் பத்து முதல் நூறு மடங்குவரை அதிகம் என்று அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் அதற்கு ஒரு மாதம் முன்புதான் அறிவித்திருந்தது. மென்பொருள் காட்டியதை மட்டும் வைத்து யாரையும் கைது செய்ய மாட்டோம் என்று டெட்ராய்ட் போலீஸ் 2024-ல் சமரசத்தில் ஒப்புக்கொண்டது.

தொடரில் இப்படித் தப்பு முகம் பொருந்துவது அபூர்வம். மங்கல் படத்தில் ஒரு வெள்ளைச் சதுரம் வந்து முகத்தைச் சுற்றி நிற்கும், பெயர் வந்துவிடும். ரீஸ் ஒருவர் பக்கத்தில் நடந்தாலே அவருடைய கைபேசி இவருடைய கைபேசியோடு கோத்துக்கொண்டு பேச்சையெல்லாம் ஒலிபரப்பும். நிஜத்தில் கைபேசி அப்படிச் சும்மா இணைந்துவிடாது. தொடரின் பெரிய பலவீனம் இதுதான் என்பேன்: இயந்திரம் தப்பே செய்யாது என்ற அனுமானம். கண்காணிப்பின் ஆபத்து அது கெட்டவர் கைக்குப் போவதில் இருக்கிறது என்று தொடர் நினைக்கிறது. நல்லவர் கையில் இருக்கும்போதே அது தப்பான வீட்டுக் கதவைத் தட்டும் என்பதை அது அவ்வளவாக நினைக்கவில்லை.

தொடர் நடந்த ஊரிலேயே, அது தொடங்கிய ஆண்டில், குற்றத்தை முன்கூட்டியே தடுக்கிறோம் என்ற பெயரில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. தெருவில் போகிறவரை நிறுத்திச் சோதனை போடும் 'ஸ்டாப் அண்ட் ஃப்ரிஸ்க்'. 2011-ல் மட்டும் நியூயார்க் போலீஸ் இப்படி நிறுத்தியது 6,85,724 தடவை. ஒரு நாளைக்குச் சராசரியாக 1,800-க்கு மேல். நிறுத்தப்பட்டவர்களில் நூற்றுக்கு 88 பேர் எந்த நடவடிக்கையும் இல்லாமல் விடப்பட்டார்கள். பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். திரையில் ரீஸ் வாரத்துக்கு ஒருவரைப் பின்தொடர்கிறார். வெளியே அதே பிளாட்பாரத்தில் இது நடக்கிறது. 2013 ஆகஸ்டில் நீதிபதி ஷிரா ஷைண்ட்லின் இந்த நடைமுறை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தார். சோதனைகள் மளமளவென்று குறைந்தன. கொலைகள் கூடிவிடும் என்று பயமுறுத்தியவர்கள் இருந்தார்கள். 2017-ல் நகரத்தில் நடந்த கொலைகள் 300-க்கும் கீழே போயின.

2012 ஆகஸ்டில், தொடரின் முதல் இரண்டு சீசன்களுக்கு நடுவே, நியூயார்க் போலீஸும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 'டொமைன் அவேர்னஸ் சிஸ்டம்' என்பதை அறிமுகப்படுத்தின. சுமார் 3,000 கேமராக்கள், வண்டி நம்பர் பலகை படிக்கும் கருவிகள், அவசர அழைப்புகள் எல்லாம் ஒரே திரையில். மற்ற ஊர்களுக்கு இதை மைக்ரோசாஃப்ட் விற்றால் வருமானத்தில் 30 சதவீதம் நகராட்சிக்கு. ஃபின்ச் ஒரு டாலருக்கு விற்றதை நினைத்துக்கொண்டேன்.

தொடருக்குத் திரும்பிவருகிறேன், ஏனென்றால் அதன் மிகச் சிறந்த இடத்தை இன்னும் சொல்லவில்லை. மூன்றாவது சீசனின் பின்பகுதியில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் எண் வருகிறது. வழக்கம்போல் காப்பாற்றத்தான் போகிறார்கள். மெல்ல மெல்ல விஷயம் புரிகிறது: இந்தமுறை இயந்திரம் இவரைக் கொல்லச் சொல்கிறது. இவர் உயிரோடிருந்தால், 'சமாரிட்டன்' என்ற இன்னொரு கண்காணிப்பு இயந்திரத்துக்கு அரசின் வாசல் திறந்துவிடும். அதன் விளைவாக எண்ணற்ற பேர் சாவார்கள். ஒரு உயிரா, பல உயிரா? ரீஸ் தயங்குகிறார், துணைக்கு வந்த ஷா துப்பாக்கியைத் தூக்கிவிடுகிறார். ஃபின்ச் முடியாது என்கிறார். உயிர்களைக் காப்பாற்றுவதற்காகத்தான் இதைத் தொடங்கினோம், இயந்திரம் சொல்லிவிட்டது என்பதற்காக ஒருவரைக் கொன்றால் நாம் யார்? அவரைக் கொல்லாமல் விட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள்.

அதற்கு அவர்கள் கொடுக்கும் விலையைத் தொடர் ஒளிக்கவில்லை. சமாரிட்டன் வருகிறது. அதை நடத்துபவர்கள் தாங்களே ஏற்பாடு செய்த ஒரு குண்டுவெடிப்பைக் காட்டி, பயந்துபோன அரசிடம் அனுமதி வாங்குகிறார்கள். இதற்குப் பூட்டு கிடையாது. கேட்டால் பதில் சொல்லும், கேட்காமலும் உத்தரவு போடும். பின்னாளில் ஊரைக் கலைத்துப்போடக்கூடியவர்கள் என்று தான் நினைக்கும் ஆட்களைத் தானே கொன்றுதள்ளுகிறது. கணக்குப் பார்த்தால் ஃபின்ச் அன்றைக்கு எடுத்த முடிவு நஷ்டம். நானும் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன், அவர் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். ஒருவர் இன்னும் செய்யாத காரியத்துக்காக அவருக்குத் தண்டனை கொடுக்கலாம் என்று ஒப்புக்கொண்ட அந்த நிமிடமே ஃபின்ச்சின் இயந்திரமும் சமாரிட்டன் ஆகிவிடும்.

ஃபின்ச்சுக்கு இது தெரிந்ததும் ஒரு சாவுக்குப் பிறகுதான். முதலில் அவர் இப்படி இல்லை. இயந்திரம் பெரிய தாக்குதல்களை 'சம்பந்தமுள்ளவை' என்றும், சாதாரணக் கொலைகளை 'சம்பந்தமற்றவை' என்றும் பிரிக்கும். இரண்டாவது பட்டியலை ஒவ்வொரு நள்ளிரவும் அழித்துவிடுவார்கள். அவருடைய நண்பரும் கூட்டாளியுமான நேத்தன் இங்ரம் அதைத் தாங்கமுடியாமல், ரகசியமாக ஒரு புறவாசல் வைத்து, அந்த எண்களில் ஒன்றிரண்டு பேரையாவது காப்பாற்றப் பார்க்கிறார். ஃபின்ச் கண்டுபிடித்துக் கோபப்பட்டு அதை மூடுகிறார். மூடும் நேரத்தில் திரையில் ஒரு படம் நிற்கிறது. அன்றைய சம்பந்தமற்ற எண் இங்ரமுடையது. சில மணிநேரத்தில் படகுத்துறையில் குண்டு வெடிக்கிறது. ஃபின்ச் விந்தி நடப்பது அந்த நாளிலிருந்துதான்.

இயந்திரம் மணியடித்த அந்தத் தெருவோரப் பொதுத் தொலைபேசிகள் இப்போது அநேகமாக இல்லை. தொடர் முடிந்த 2016-ன் தொடக்கத்திலிருந்தே நியூயார்க் அவற்றைக் கழற்றிவிட்டு, அதே இடங்களில் 'லிங்க்என்ஒய்சி' என்ற கம்பங்களை நட ஆரம்பித்தது. ஒன்பதரை அடி உயரம், இரண்டு பக்கமும் விளம்பரத் திரை, இலவச வைஃபை, இலவச அழைப்பு. நகரத்துக்குச் சொந்தமான கடைசிப் பொதுத் தொலைபேசியை 2022 மே 23 அன்று, டைம்ஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஏழாவது அவென்யூவும் ஐம்பதாவது தெருவும் சேரும் இடத்தில், கிரேன் வைத்துத் தூக்கினார்கள். அது நகர அருங்காட்சியகத்துக்குப் போனது. புதிய கம்பங்களில் கேமராக்கள் உண்டு. ஏதாவது சம்பவத்தின் விசாரணைக்குத் தேவைப்பட்டாலொழிய, பதிவுகளை ஏழு நாளுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை என்று அவர்களுடைய கொள்கை சொல்கிறது. ஃபின்ச் தன் இயந்திரத்துக்குக் கொடுத்தது ஒரு நாள்.